விருந்தாளித் தண்ணீர்

என் போர்க் கிணற்றுத் தண்ணீரை மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். அந்தத் தண்ணீர் குடிப்பதற்கு முழுத் தகுதியுடையது என்று ஒரு காகிதம் வந்தது. முத்திரை, கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தன. மாட்டுக்குப் படிக்கத் தெரியாதது அதன் அதிர்ஷ்டம்.

எங்கள் ஊர் ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகிற ரோட்டில், சானமாவுக் காட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. மேட்டில் பிளேட்டிங் கம்பெனி, அதாவது இரும்புச் சாமான்களுக்குப் பளபளப்பு ஏற்றுகிற இடம். பள்ளத்தில் எங்கள் ஏரி. மழை வந்தால் கம்பெனிக்காரனுக்குக் கொண்டாட்டம். தொட்டியில் தேக்கி வைத்த கழிவை மழையோடு மழையாகத் திறந்து விட்டுவிடுவான். அடுத்த வாரம் எங்கள் போர்களில் தண்ணீர் மஞ்சளாக வரும். முகத்தில் பூசுகிற மஞ்சள் இல்லை, காமாலைக்காரன் கண்ணில் இருக்கிற மஞ்சள். அதைப் பாய்ச்சிய தக்காளி இலை ஓரமெல்லாம் கருகிச் சுருண்டுபோகும். ராகி அறுப்புச் சமயத்தில் காட்டிலிருந்து இறங்குகிற யானைகள் எங்கள் ராகியை ஒரு கதிர் விடாமல் தின்னும். எங்கள் ஏரியில் மட்டும் வாய் வைக்காது.

திங்கட்கிழமை தவறாமல் கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீசுக்கு பஸ் ஏறி மனு கொடுக்கிற திம்மராயன் நான்தான். ஆபீசில் எல்லோருக்கும் என்னைத் தெரியும். கண்டதும் சிரிப்பார்கள், நாற்காலி கூடக் கொடுப்பார்கள். நான் கேட்டது இரண்டே விஷயம். கம்பெனிக் கழிவை நிறுத்த வேண்டும், அதுவரைக்கும் ஊருக்கு ஒகேனக்கல் தண்ணீர்க் குழாய் வேண்டும். இரண்டுக்கும் அவர்கள் பதிலுக்குக் கேட்டது ஒன்றுதான்: “தண்ணி கெட்டிருக்குன்னு சோதனை ரிப்போர்ட் இருக்கா?”

அந்த ரிப்போர்ட்டுக்காகத்தான் சத்யப்ரியாவைப் பிடித்தேன். ஓசூர்ச் சுற்றுவட்டாரத்து மண்ணையும் தண்ணீரையும் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கப் படித்துக்கொண்டிருந்த பெண். அப்பா விருதுநகர்ப் பக்கமிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர். இவள் பிறந்ததே ஓசூர் ஹவுசிங் போர்டில். ஏரிக்கரையில் தனியாக நின்று சேற்றைத் தோண்டிக்கொண்டிருந்தவளை நானே கூப்பிட்டு, முதலில் எங்கள் போர்களைப் பாரம்மா என்று கெஞ்சினேன். மறுக்காமல் ஒத்துக்கொண்டாள். வேலையில் கெட்டிக்காரி. அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் இல்லை.

எங்கள் பக்கம் மும்முனைக் கரண்ட் விடியற்காலையில் வந்து, வெயில் ஏறுவதற்குள் போய்விடும். மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, குழாயில் தங்கின பழைய தண்ணீர் போனபிறகு பாட்டிலில் பிடிக்க வேண்டும். அந்த நேரத்துக்கு ஓசூரிலிருந்து பஸ் கிடையாது. அதனால் முதல்நாள் சாயங்காலமே வந்து, தெருப் பெண்களைக் கூட்டி உட்கார வைத்து, எப்படிப் பிடிப்பது என்று செய்து காட்டிவிட்டு வீட்டுக்கு ஒரு பாட்டில் கொடுத்துவிட்டுப் போனாள். காலையில் வந்து வாங்கிக்கொண்டாள். நான் அன்றைக்கு மிச்சம் மீதி தக்காளியை ஏற்றிக்கொண்டு ராயக்கோட்டை மண்டிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது ருக்மணி, “உங்க ரிப்போர்ட்டுக்கு எல்லாம் பண்ணிக் குடுத்தாச்சு” என்றாள். நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ரிப்போர்ட் என் கைக்கு வருவதற்கு முன்னால் கம்பெனி கேட்டில் தொங்கியது. பச்சைப் பச்சையாக இலை படம் போட்ட பேனர். ‘சுற்றுப்புற கிராமங்களின் நிலத்தடி நீர் தூய்மையானது: ஆய்வில் உறுதி’. சத்யப்ரியாவுக்கு மேலே இருக்கிற பேராசிரியர், லேபிலிருந்து முடிவு வந்ததும், அவள் பார்ப்பதற்கு முன்பே ஒரு கூட்டத்தில் அதைக் கம்பெனிக்காரர்கள் கையில் கொடுத்துவிட்டாராம். ஆராய்ச்சிக்குப் பணம் தருகிறவர்கள் அவர்கள்தான் என்பது எனக்கு அப்புறம் தெரிந்தது. வேலியே பயிரை மேய்கிற கதை நமக்கென்ன புதிதா. பத்து நாள் கழித்து ரிப்போர்ட் என் கைக்கு வந்ததும் சத்யப்ரியாவுக்குப் போன் போட்டு, வாயில் வந்ததை எல்லாம் பேசினேன். எங்கள் ஊரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும். திட்டுவதற்கு மூன்றும் தேவைப்பட்டன.

மறுநாளே வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. நான் உட்காரச் சொல்லவில்லை, அவளே உட்கார்ந்தாள்.

“ஐயா, நீங்க எவ்வளவு வேணாலும் திட்டுங்க, கேட்டுக்கிறேன். மொதல்ல இதைப் பாருங்க. உங்க தெருவுல எல்லா வீட்டுத் தண்ணியும் ஒரே அளவு காட்டுது. ஒரு வீடு கூட மாறல. பாறைக்குள்ள இருந்து வர்ற தண்ணி அப்படி இருக்கவே இருக்காது. உப்பே இல்ல. கம்பெனிக் கழிவை விடுங்க, சாதாரணமா இருக்க வேண்டிய உப்பு கூட இல்ல.”

“அப்பறம் எதுக்கும்மா நல்ல தண்ணின்னு எழுதிக் குடுத்தீங்க?”

“நான் எழுதல. லேப்ல பாட்டில்ல என்ன இருக்கோ அதைத்தான் பாப்பாங்க. பாட்டில்ல இருந்தது நல்ல தண்ணி.”

அதற்குள் ருக்மணி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்காமல் அவளுக்குக் கை நிற்காது. சத்யப்ரியா வாங்கி வாய்க்குக் கொண்டுபோனவள், பாதியில் நிறுத்தினாள். பையிலிருந்து, தண்ணீரில் உப்பை அளக்கிற பேனா மாதிரி ஒரு மீட்டரை எடுத்து டம்ளருக்குள் விட்டாள். பார்த்தாள். அதை என் பக்கம் திருப்பினாள். ரிப்போர்ட்டில் என் வீட்டுக்கு நேராக என்ன எண் இருந்ததோ, அதே எண் மீட்டரிலும் நின்றது.

“அம்மா, இது எந்தத் தண்ணி?”

“குடத்துத் தண்ணிதாம்மா.”

“அன்னைக்குப் பாட்டில்லயும் இதைத்தான் ஊத்துனீங்களா?”

ருக்மணி என்னைப் பார்த்தாள், அப்புறம் அவளைப் பார்த்தாள். தப்பு செய்தவள் முகம் இல்லை அது. என்ன கேள்வி இது என்கிற முகம்.

“பின்ன எதை ஊத்துவாங்க? நீதானம்மா சொன்ன, பாட்டிலை மூணு தரம் அலசணும், கை சுத்தமா இருக்கணும், மூடி உள்பக்கம் வெரல் படக் கூடாது, வாய் வரைக்கும் ரொப்பணும்னு. அவ்ளோ சுத்தமாக் கழுவுன பாட்டில்ல அந்த மஞ்சத் தண்ணியை ஊத்த எப்பிடிம்மா மனசு வரும்? அதும்மேல திம்மராயன் வீடுன்னு பேரு வேற எழுதி ஒட்டியிருக்க. கல்யாணத்துக்குப் பொண்ணு வெச்சிருக்கிற வூடு. நாத்தம் புடிச்ச தண்ணியை எங்க பேரைப் போட்டு வெளியூருக்கு அனுப்புவாங்களா?”

“நான் எதுக்குடி திங்களுக்குத் திங்கள் அலையறேன்? உனக்குத் தெரியாதா?” என்று கத்தினேன்.

“நீங்க ஆபீசுக்கு அலையறீங்க. இது காலேஜுப் பொண்ணு. பாட்டிலு எவன் கைக்குப் போவும், எவன் என்னா பேசுவான்னு நான் கண்டேனா? எல்லாரும் குடத்துல இருந்துதான் ரொப்புனாங்க. நான் மட்டுமா?”

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டும். சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள், போர் தண்ணீரில் போட்ட காப்பியை வாயில் வைத்ததும் வாசலில் போய்த் துப்பினார்கள். சம்பந்தம் அங்கேயே முறிந்தது. அதோடு விட்டதா? அந்த ஊர்ப் பெண்ணா, தண்ணீர் கெட்ட ஊராச்சே, பல் கறுக்குமாம், கரு தங்காதாம் என்று அஞ்செட்டி வரைக்கும் பேச்சுப் பரவியது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா. அன்றிலிருந்து எங்கள் ஊரில் ஒரு பழக்கம். கேன் தண்ணீர் வண்டி முன்வாசலுக்கு வராது, கொல்லைப்புறமாக வந்து இறக்கிவிட்டுப் போகும். நீலக் கேன் கட்டிலுக்கு அடியில், பழைய புடவை மூடிக் கிடக்கும். அதிலிருந்து துலக்கிய எவர்சில்வர் குடத்தில் ஊற்றிக் கூடத்தில் வைத்துவிடுவார்கள். சொந்தக்காரர், கரண்டுக் கணக்கெடுக்கிறவர், ஓட்டுக் கேட்க வருகிறவர், யார் வந்தாலும் அதுதான். அதற்குப் பெயரே விருந்தாளித் தண்ணி.

எங்களுக்கு? போர் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் காய்ச்சிக் குடித்துக்கொள்வோம். காய்ச்சினால் கிருமிதான் சாகும், கம்பெனிக் கழிவில் இருக்கிற குரோமியம் சாகாது என்று சத்யப்ரியாவே முன்பு சொல்லியிருந்தாள். இருந்தாலும் விருந்தாளித் தண்ணீரை நாமே குடித்துத் தீர்க்கலாமா? என் வீட்டிலும் அப்படித்தான். நானும் பெருமையாக அந்தக் குடத்திலிருந்து மொண்டு கொடுத்தவன்தான்.

சத்யப்ரியா மீட்டரைத் துடைத்துப் பையில் போட்டாள். பிறகு, பேராசிரியரிடம் கேட்டுப் பார்த்துவிட்டதாகச் சொன்னாள். ‘எல்லா வீட்டிலும் ஒரே அளவு வந்திருக்கிறது, எவ்வளவு அழகான முடிவு’ என்று அவர் பாராட்டினாராம். புதிதாகத் தண்ணீர் எடுத்து அது கெட்டதென்று காட்டினால்தான் பழைய ரிப்போர்ட்டை ரத்து செய்ய முடியுமாம்.

“ஒரு வீடு போதும் ஐயா. உங்க போர் ஒண்ணு போதும். என் கண் முன்னாடி புடிச்சிருக்கணும். மத்ததை நான் பாத்துக்கிறேன். இந்த ரிப்போர்ட் இப்படியே நிலைச்சிடுச்சுன்னா இனிமே யாரும் உங்க ஊருக்கு வந்து தண்ணி எடுக்க மாட்டாங்க. ஆராய்ச்சி பண்ணியாச்சு, நல்லா இருக்குன்னு முடிச்சிடுவாங்க.”

யாரிடமாவது ஸ்கூட்டர் இரவல் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை விடியலிலேயே வந்துவிடுவதாகச் சொல்லிப் போனாள். நானும் வரச் சொன்னேன். அப்போது எனக்கு நிஜமாகவே அந்த எண்ணம்தான் இருந்தது.

அன்று மத்தியானமே ராஜப்பன் வந்தான். வார்டு மெம்பர், மனை புரோக்கர், எங்கள் தெருவில் எந்தக் காரியமும் அவனைச் சுற்றிக்கொண்டுதான் போகும். ரிப்போர்ட்டின் நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தான். கோயில் விபூதியை நீட்டுவதுபோல அதைப் போகிற இடமெல்லாம் எடுத்துக் காட்டுகிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

“அண்ணா, மறுபடி தண்ணி எடுக்கப் போறியாமே. வேணாங்கண்ணா. கெட்ட தண்ணியை நல்ல தண்ணின்னு ரிப்போர்ட் வாங்கறதுக்கு ஊரு ஊருக்கு என்னாமா அலையறாங்க. நமக்குச் சும்மா கெடச்சிருக்குது. மனை கேட்டு ஓசூர்க்காரங்க வர ஆரம்பிச்சிட்டாங்க. நின்னு போன சம்பந்தமெல்லாம் திரும்பி வருது. உன் வூட்டுக்கே வரலியா?”

வந்திருந்தது. அதுதான் என் தொண்டையில் சிக்கிய முள். என் மகள் அருணா, ஓசூரில் செல்போன் பாகம் செய்கிற கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறாள். மூன்று இடம் வந்து, ஊர்ப் பெயரைக் கேட்டு நின்றுபோனது. நாட்றாம்பாளையத்திலிருந்து வந்த பையன் வீட்டார் மட்டும், ரிப்போர்ட்டைப் பார்த்தபிறகு, ஞாயிற்றுக்கிழமையே நிச்சயம் பேச வருகிறோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பையன் சுபாஷ், அருணாவின் கம்பெனிக்குப் பக்கத்துக் கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர்.

ராஜப்பன் போனதும் ருக்மணி என் எதிரே உட்கார்ந்தாள். அவள் எப்போதும் இப்படி உட்கார்ந்து பேசுகிறவள் இல்லை.

“நாட்றாம்பாளையம் மலையோரம். ஊத்துத் தண்ணி. ஒரு கம்பெனி கெடையாது. அவளாவது அங்க போய் நல்ல தண்ணி குடிக்கட்டும். அவ வயித்துல வர்றதாவது நல்லாப் பொறக்கட்டும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? நாம ஒண்ணே ஒண்ணுதான் சொல்றோம். தாலி ஏறட்டும். அப்பறம் நீங்க அந்தப் பாட்டிலத் தூக்கிக்கிட்டு டெல்லிக்கே போங்க.”

எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் சொன்னபடி ஸ்கூட்டர் வந்து நின்றது. ஐஸ் பெட்டி, பாட்டில், கையுறை எல்லாம் கொண்டு வந்திருந்தாள். ருக்மணி மோட்டார் ரூம் கதவை மறித்துக்கொண்டு கோலம் போடுகிற மாதிரி குனிந்து நின்றாள். மோட்டார் ரூமுக்கு யார் கோலம் போடுகிறார்கள்?

“இன்னைக்கு வேணாம்மா. இன்னைக்கு எங்க பொண்ணுக்கு நல்ல காரியம்” என்றேன்.

“எடுக்கிறதுக்குக் கொஞ்ச நேரம்தான் ஐயா ஆகும். யாருக்கும் தெரியாது.”

“ரிப்போர்ட் வந்தா தெரியும்ல?”

அருணா தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தாள். “நான் புடிச்சுத் தரேன்க்கா. பாட்டிலைக் குடுங்க” என்றாள். கையை நீட்டினாள். நான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

“நிச்சயம் முடியட்டும்” என்றேன்.

“அம்மா எனக்கோசரம்னு சொல்லுது. நீ ஊருக்கோசரம்னு சொல்லிக்கிட்டு இருந்த. இப்ப நீயும் எனக்கோசரம்னு சொல்ற. என்னை யாராச்சும் கேட்டீங்களாப்பா?”

நான் அவளைக் கேட்கவில்லை. அப்போதும் கேட்கவில்லை.

சத்யப்ரியா கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அந்தக் காலிப் பாட்டிலை என்னிடம் நீட்டினாள். உள்ளே இருப்பது தெரிகிற வெள்ளை பாட்டில், ‘திம்மராயன் வீடு, போர்’ என்று எழுதி ஒட்டியிருந்தது. “உங்களுக்கு எப்ப மனசு வருதோ அப்ப கூப்பிடுங்க ஐயா. நான் ஊர்ல இருந்தா வருவேன்” என்று சொல்லி ஸ்கூட்டரைத் திருப்பினாள். பாட்டிலைக் கூடத்து அலமாரியில் வைத்தேன்.

பத்து மணிக்கு மேல் நாட்றாம்பாளையத்துக்காரர்கள் வந்தார்கள். பையனின் அம்மா பூவம்மாள் நல்ல மனுஷி, வாய் நிறையப் பேசுகிறவள். ருக்மணி குடத்திலிருந்து மொண்டு கொடுத்த தண்ணீரை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தாள்.

“தாயைப் பழிச்சாலும் தண்ணியைப் பழிக்கக் கூடாதும்பாங்க. இந்தத் தண்ணியைப் போய் என்னென்னமோ சொன்னாங்களே பாவிங்க. எங்க ஊத்துத் தண்ணி கெட்டுது போங்க” என்று இன்னொரு டம்ளர் கேட்டாள். ருக்மணியின் முகத்தில் பல வருஷமாக நான் பார்க்காத சிரிப்பு இருந்தது.

வெற்றிலை பாக்குத் தட்டு மாற்றினோம். ராஜப்பன் என் பக்கத்தில் உரிமையாக உட்கார்ந்திருந்தான். தட்டை மடியில் வைத்துக்கொண்டு பூவம்மாள் சொன்னாள்:

“சம்பந்தி, இன்னொரு சந்தோசமான சேதி. எங்க ஊருலருந்து ஓசூருக்கு தெனமும் வர்றதுன்னா சும்மாவா? வழி பூரா காடு, யானை. பையன் ஓசூருல ரூம் எடுத்து ஓட்டல் சோறு தின்னு எளைச்சுப் போய்ட்டான். டவுனுல வாடகை குடுத்து மாளுமா? அதான் உங்க ஊருலயே வூடு கட்டிக்கட்டும்னு முடிவு பண்ணிட்டோம். ரிப்போர்ட்டைப் பாத்த அன்னிக்கே நான் சொல்லிட்டேன், தண்ணி நல்லா இருக்கிற ஊரு, பொண்ணும் பெத்தவங்க கண்ணு முன்னாடி இருக்கும்னு. மெம்பரு தம்பி மனை கூடக் காட்டிடுச்சு.”

“எந்த மனை?” என்று கேட்டேன்.

“ஏரிக்குக் கீழ இருக்குதே அண்ணா, அதுதான்” என்றான் ராஜப்பன். “போர் போட்டா கையால தொடற ஆழத்துல தண்ணி.”

ருக்மணியின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது, எடுத்துவிட அவளுக்கு மறந்துபோயிருந்தது. கையில் இருந்த டம்ளர் சாய்ந்து தண்ணீர் புடவையில் ஊற்றியது. மகளை அந்தத் தண்ணீரிலிருந்து தப்பிக்க வைக்க நாங்கள் கட்டிக்காத்த பொய், அவளை ஏரிக்குக் கீழேயே கொண்டுவந்து குடிவைத்துவிட்டது. இப்போது வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே? தட்டு மாற்றியாகிவிட்டது. தெருவே வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆபீசில் கலெக்டர் முன்னால் மேஜையைத் தட்டிப் பேசியவன் நான். என் வீட்டுக் கூடத்தில் எனக்கு நாக்கு எழவில்லை.

கிளம்பும்போது பூவம்மாள் சுற்றிலும் பார்த்தாள். “பஸ்ஸுல தாகம் எடுக்கும். உங்க தண்ணி கொஞ்சம் ரொப்பிக் குடுங்க சம்பந்தி. அதோ, அந்தப் பாட்டிலு காலியாத்தானே இருக்குது?”

அருணா போய் அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்தாள். அம்மாவிடம் கொடுக்கவில்லை. நேராக என்னிடம் வந்து, பெயர் ஒட்டிய பக்கம் எனக்குத் தெரிகிற மாதிரி நீட்டினாள்.

“இன்னைக்கு மூணு பேஸ் கரண்ட் இன்னும் போவலப்பா” என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

நான் பாட்டிலை வாங்கிக்கொண்டு நடந்தேன். மோட்டார் ரூம் கொல்லைப்புறம் இருக்கிறது, குடம் கூடத்து மூலையில் இருக்கிறது. என் கால்கள் குடத்தருகே போய் நின்றன. ஒட்டியிருந்த பெயரை நகத்தால் சுரண்டி எடுத்தேன். சத்யப்ரியா சொல்லிக் கொடுத்ததாக ருக்மணி சொன்னபடியே, மூன்று முறை அலசிக் கொட்டினேன். மூடியின் உள்பக்கம் விரல் படவில்லை. காற்றுக்குக் கூட இடம் இல்லாமல் வாய் நிறைய ஊற்றி இறுக்கி மூடினேன்.

பூவம்மாள் அதை வாங்கி வாசல் வெயிலில் தூக்கிப் பார்த்தாள். “கண்ணாடியாட்டம் இருக்குது” என்று மகனிடம் காட்டினாள். அவர்களை பஸ் ஏற்றிவிட நானும் ராஜப்பனும் ரோடு வரைக்கும் போனோம். திரும்பி வந்தபோது அருணா கட்டிலுக்கு அடியிலிருந்து கேனை இழுத்து முன்வாசலில் வைத்துவிட்டு, ஷிப்டுக்குக் கிளம்பிப் போயிருந்தாள். ருக்மணி அதைப் பழையபடி உள்ளே தள்ளி, புடவையை எடுத்து மூடிக்கொண்டிருந்தாள்.